நட்சத்திரத்தின் தூரம்

சனிக்கிழமை இரவு, ஏலப்பாறை.

ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டே ஆன்லைனில் படித்த டிகிரி மாணவர்களுக்கான வானியல் பாடத்துக்கு இன்று பரீட்சை. அம்மாவும் நானும் மலையிறங்கிக் கல்லூரிக்குப் போனோம். ஹாலில் பள்ளிக்கூட யூனிஃபார்மில் இருந்தது நான் ஒருத்திதான். யாரைப் பார்க்க வந்தாய் என்று ஒரு அக்கா மலையாளத்தில் கேட்டாள். எழுத வந்தேன் என்றதும் முழித்தாள்.

ஒரு நட்சத்திரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடச் சொல்லியிருந்தார்கள். போடப் போட, எங்கோ மிதப்பதுபோல் இருந்தது. மணி அடித்தபிறகுதான் ஹாலில் இருப்பதே நினைவு வந்தது.

திரும்பும் பஸ்ஸில் அம்மா கேட்டாள். "என்னத்தடி கேட்டாங்க?"

சொன்னேன்.

"அம்புட்டுத் தூரத்துக்கும் கணக்கு இருக்கா?"

"இருக்கும்மா. சரியாப் போட்டிருக்கேன்."

தேயிலைக் கொழுந்து கிள்ளிக் கறுத்த விரல்களால் என் தலையைக் கோதினாள். "அப்ப நீ இங்கன நிக்க மாட்ட" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இல்லை, இங்கேதான் இருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். வெளியே மஞ்சு மூடி ரோடே தெரியவில்லை. பஸ் வானத்தில் போவதுபோல் இருந்தது. தூங்குவதுபோல் அவள் தோளில் சாய்ந்துகொண்டேன்.

இப்போது அவளும் தூங்காமல் புரள்கிறாள். விளக்கை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய்ப் படுக்கிறேன்.