நிமிர்ந்து நின்றவர்

பிப்ரவரி 9

மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று ஊர் வலிக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்தால் இவர் தரையில் மல்லாந்து படுத்து, கால்களை நாற்காலிமேல் போட்டுக்கொண்டு, வயிற்றின்மேல் தட்டை வைத்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறார். “படுத்துக்கிட்டே சமைக்கிற ஒரே ஆள் நான்தான்” என்றார். சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பிப்ரவரி 17

நரம்பு டாக்டர் இன்று தெளிவாகச் சொல்லிவிட்டார். இடுப்பில் நரம்பு நசுங்கியிருக்கிறது, அறுவை செய்து விடுவிக்க வேண்டும். வலி இருக்கிறவரை நல்லதாம், நரம்பு உயிரோடு இருக்கிறதாம். கால் மரத்துப் போய்விட்டால் அப்புறம் செய்து பலனில்லை. “சீக்கிரம் முடிவு பண்ணுங்கம்மா.”

முடிவு பண்ண நான் யார்? இவர் படையில் லாரி ஓட்டியபோது பட்ட காயம் என்று மருத்துவக் குழு ஒப்புக்கொண்டால்தான் படை மருத்துவமனையில் கத்தி வைப்பார்கள். முதல் மனுவைத் தள்ளிவிட்டார்கள். மேல்முறையீடு அடுத்த மாதம். வெளியே செய்துகொள்ள வீட்டை விற்கலாம் என்றால், அது வாடகை வீடு.

மார்ச் 2

நெட்டை வந்திருந்தார். இவரோடு ஒரே லாரியில் மாற்றி மாற்றி ஓட்டியவர். மலைப்பாதையில் குண்டுப் பெட்டிகளோடு வண்டி கவிழ்ந்தபோது, ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்து இவரை இழுத்துப் போட்டவர். சாட்சி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அன்றைக்கே ஏன் டாக்டரிடம் காட்டவில்லை என்று கேட்டேன்.

“காட்டினா வண்டியை விட்டு இறக்கி ஆபீஸ்ல உட்கார வச்சிருவாங்க அண்ணி. எங்க ஆளுங்க யாரும் வாய் திறக்க மாட்டாங்க. கையே உடைஞ்சிருந்தாலும் சுளுக்குன்னுதான் சொல்வான்.”

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வீராப்புதான் இன்று பதிவேட்டில் ‘காயம் ஏதுமில்லை’ என்று சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 11

மேல்முறையீட்டை நடத்தும் வக்கீல் அம்மா விசாரணைக்கு ஒத்திகை பார்த்தார். “வலி எப்படி இருக்குன்னு கேட்டா என்ன சொல்வீங்க?”

“பரவாயில்லைங்க.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். வரும் வழியெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். வலிக்குதுன்னு சொல்லுங்க, வாயில முத்தா உதிர்ந்துடும்? தலையாட்டினார்.

மார்ச் 19

விசாரணை. நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் ஊன்றுகோல், மெல்ல நடத்திக் கூட்டிப் போய் உட்கார வைத்தேன். உட்காரும்போதே உதட்டைக் கடித்துக்கொண்டார். கதவு திறந்தது. மருத்துவக் குழுவின் தலைவர் உள்ளே வந்தார், படை உடுப்போடு. அவ்வளவுதான். இவர் ஊன்றுகோலை விட்டுவிட்டு எழுந்து நின்றார். சாதாரணமாக இல்லை, குதிகால் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, ஆணி அடித்த மாதிரி. அவர் “உட்காருங்க” என்கிற வரைக்கும் அசையவில்லை. அவர் உடனே சொல்லவும் இல்லை, காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். இவர் கழுத்தில் வியர்வை ஓடியது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் பேனாவை எடுத்து ஏதோ எழுதினார்.

வெளியே வந்து நடைபாதையிலேயே கத்தினேன். என்னய்யா மனுஷன் நீ? ஒரு நாள், ஒரே ஒரு நாள் வலிக்கிறவனா இருக்கக் கூடாதா?

“அதிகாரி உள்ள வர்றாரு. உட்கார்ந்துக்கிட்டா இருப்பாங்க?” என்றார். பாவம், அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. வண்டியில் உட்கார முடியாததால் பின்சீட்டில் படுக்க வைத்துக் கூட்டி வந்தேன்.

மார்ச் 20

வேலைக்குப் போகவில்லை. இவரும் எழுந்திருக்கவில்லை.

ஏப்ரல் 26

வந்துவிட்டது. தள்ளுபடி. நெட்டையின் சாட்சியைப் பற்றி ஒரே வரி: ‘நண்பர் என்பதால் ஏற்பதற்கில்லை.’ அதற்குக் கீழே: ‘மனுதாரர் உதவியின்றி எழுந்து, நீண்ட நேரம் நிமிர்ந்து நின்றதைக் குழு நேரில் கண்டது.’

சத்தமாகப் படித்தேன். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் பார்த்துவிடக் கூடாதாம். தோள் குலுங்குவது தெரியாதா எனக்கு? போய்த் திட்டவும் தோன்றவில்லை, தொடவும் தோன்றவில்லை.

மே 5

மேலே இன்னொரு மன்றம் இருக்கிறதாம். வக்கீல் அம்மா மனுப் போட்டுவிட்டார். எப்போது எடுப்பார்கள் என்று கேட்டேன். “வரிசை பெருசும்மா” என்றார். ஆறின கஞ்சி பழங்கஞ்சி. இவர் நரம்புக்கு அந்த வரிசை தெரியுமா?

ஜூன் 14

இன்று கடைக்கு ஒரு பெரியவர் வந்தார், பழைய படைக்காரர். வலி மாத்திரை கேட்டார். யாருக்கு என்றேன். “வீட்டுக்காரிக்கு” என்றார், மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி. இவர்களை எந்த மண்ணால் செய்தார்கள்?

ஜூலை 3

வரிசை நகரவில்லை. கேட்பதை நிறுத்திவிட்டேன். கடவுளையும் சேர்த்துத்தான்.

ஆகஸ்ட் 22

கடையிலிருந்து திரும்பினால் வீடு பூட்டியிருந்தது. திரும்பிப் பார்த்தால் தெருமுனையில் இவர் நடந்து வருகிறார். துணையில்லாமல், காலை இழுத்து இழுத்து, ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

“பேருந்து நிலையம் வரைக்கும் போய்ட்டு வந்துட்டேன். வலி சுத்தமா இல்ல, தெரியுமா? காலையில எழுந்ததுலேருந்தே இல்ல. நெட்டைக்குப் போன் போட்டு வரச்சொல்லு, பழையபடி ஒரு நடை போவோம்.”

இடது காலில் செருப்பு இல்லை. எங்கே என்று கேட்டேன். குனிந்து பார்த்தார். “போட்டுட்டுத்தானே வந்தேன்” என்றார்.

வாசற்படியில் உட்கார வைத்துப் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு ஆழமாக ஏறியிருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தேன், உடனே வரவில்லை, திருப்பித் திருப்பி இழுக்க வேண்டியிருந்தது. இவர் வழியில் யாரைப் பார்த்தார், என்ன பேசினார் என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.