யாராவது வந்து அழுத்துங்க

தாம்பரம்,
12 மார்ச் 2025

அன்புள்ள ஆல்வினுக்கு,

ஆண்டவர் கிருபையில் நலமாக இருப்பீர்கள். விடுதியில் வார நாட்களில் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், அதனால் கடிதம்தான். பெங்களூர் போனபிறகு நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை என்பது என் குறை.

நேற்று ஒன்று நடந்தது. நர்சிங் கல்லூரியிலிருந்து கீழ்க்கட்டளைக்கு வீடு வீடாகச் சர்க்கரையும் பிரஷரும் பார்க்கப் போயிருந்தோம். பஸ் ஸ்டாப்பில் நான் மட்டும் பின்தங்கி நின்றபோது, தண்ணீர் கேன் போடுகிற ஒருவர் கேனோடு சரிந்து விழுந்தார். தோளைத் தட்டிக் கூப்பிட்டேன். அசைவில்லை. கரையில் போட்ட மீனைப் போல எப்போதாவது ஒரு இழுப்பு. அது மூச்சில்லை, இதயம் நின்றதன் அடையாளம் என்று வகுப்பில் படித்திருந்தேன். ஒரு பெண்ணைக் கைகாட்டி 108-க்குப் பேசச் சொல்லிவிட்டு, மண்டிபோட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்கினேன். கல்லூரியில் அழுத்திப் பழகுகிற பொம்மை க்ளிக் என்று சத்தம்தான் போடும். இவருக்கு விலா எலும்பு முறிந்தது, என் உள்ளங்கையில் தெரிந்தது. வாந்தி எடுத்திருந்தார், துப்பட்டாவால் துடைத்தேன். அதெல்லாம் அருவருப்பாக இல்லை, ஆல்வின்.

சுற்றி நின்றவர்கள்தான். கை ஓய்ந்துபோய், "யாராவது வந்து அழுத்துங்க, நான் சொல்லித் தரேன்" என்று கத்தினேன். ஒருவரும் வரவில்லை. எல்லார் கையிலும் போன். "இன்னா மச்சான், பட்டப்பகல்ல ரோட்லயே ஆரம்பிச்சிட்டாங்க" என்றான் ஒருவன். சிரித்தார்கள். ஆம்புலன்ஸ் வந்து ஷாக் கொடுத்ததும் நாடி திரும்பியது. ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சிரிப்பு சளி மாதிரி காதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எனக்காக ஜெபியுங்கள். அவருக்காகவும்.

உங்கள்
பிளஸ்ஸி


பெங்களூர்,
18 மார்ச் 2025

அன்பு பிளஸ்ஸிக்கு,

உன் கடிதத்துக்கு முன்பே வீடியோ வந்துவிட்டது. என் தம்பி ஆரோன் அந்த நேரம் அங்கேதான் இருந்திருக்கிறான், அவன் எடுத்தது. உன் முகம் வராமல் வெட்டித்தான் நண்பர்களுக்கு அனுப்பினானாம். அந்தப் பொறுப்பு அவனுக்கு இருக்கிறது. ஆனாலும் சபையில் யாரோ உன்னைக் கண்டுபிடித்து என் அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள். அம்மா ஒரே அழுகை.

நீ செய்தது நல்ல காரியம்தான். ஆனால் அத்தனை ஆம்பளைகள் நிற்கும்போது நீதானா? ஒன்றை மட்டும் மறைக்காமல் எழுது. அந்த ஆள் வாயில் வாய் வைத்தாயா? வீடியோவில் அந்த இடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்த்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடு. நீ வேலைக்குப் போவதைப் பற்றி மே மாதம் நம் கல்யாணம் முடிந்ததும் பேசிக்கொள்ளலாம். நேரத்துக்குச் சாப்பிடு.

என்றும் உன்
ஆல்வின்


தாம்பரம்,
24 மார்ச் 2025

ஆல்வினுக்கு,

வாய் வைக்கவில்லை. மூச்சு கொடுக்கிற முகமூடி இல்லாதபோது நெஞ்சை மட்டும் அழுத்தலாம் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கையில் இருந்திருந்தால் மூச்சும் கொடுத்திருப்பேன்.

சனிக்கிழமை போன் கைக்கு வந்ததும் வீடியோவைப் பார்த்தேன். நான் கூப்பிடுவது தெளிவாகக் கேட்கிறது. படம் ஆடவே இல்லை. நாளைக்கு அண்ணி என்று கூப்பிட வேண்டியவன், எட்டுகிற தூரத்தில் நின்றிருக்கிறான். நான் கூப்பிட்ட அந்தக் குரலை நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். கேட்டுவிட்டு, வாயைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

அவர் பெயர் ஜெயவேலு. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். அவர் மனைவி விடுதி வாசலுக்கு வந்து, "அமுக்குன கை இதானாம்மா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணத் தொறந்தாரு. எங்கிட்ட பேசுனாரு. அது போதும்மா."

நேற்று உங்கள் அம்மாவைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. நிச்சய மோதிரத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆரோன் உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை.

உங்கள் அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அதனால் இதை எழுதுகிறேன், ஆரோனுக்கும் படித்துக் காட்டுங்கள். கூப்பிட்டுப் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் 108-க்குச் சொல்லுங்கள். தரையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, அதன்மேல் இன்னொரு கை. முழங்கை மடங்காமல் வேகமாக, ஆழமாக அழுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுதாக எழும்ப விடுங்கள். எலும்பு முறிந்தாலும் ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்த வேண்டாம்.

போனைக் கீழே வைத்தால்தான் இரண்டு கையும் கிடைக்கும்.

பிளஸ்ஸி