ஞாயிறு விட்டுப்போன கட்டவுட் பிளான்

பிப்ரவரி 2, திங்கள்
ஃபேன்ஸ் குரூப் அட்மின் அனூப் அண்ணன் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவ கட்டவுட்டு பிளான் ரெஷ்மாவுக்காக்கும்." எனக்கு! பதிமூன்றாம் தேதி எங்கள் ஹீரோ படம் ரிலீஸ். நெய்யாற்றின்கரை தியேட்டர் வாசலில் நாற்பதடி. இதுவரை ஒரு பெண்பிள்ளையிடமும் கொடுத்ததில்லை. வீடியோ பார்த்துப் பார்த்து எக்செல் ஷீட் போடக் கற்றது இதற்குத்தான் போல. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறம். அனுப்பினேன். குரூப் முழுக்க கட்டைவிரல்.

பிப்ரவரி 4, புதன்
தியேட்டர் மானேஜர் கறாராகச் சொன்னார்: "திங்கள் காலத்தே ஃப்ரேம் நிக்கணும். இல்லேங்கி எடம் மத்த குரூப்புக்கு." எதிர் ஹீரோவின் ஆட்கள். பயமில்லை, என் ஷீட்டில் சனிக்கிழமையே ஃப்ரேம் முடிகிறது.

பிப்ரவரி 6, வெள்ளி
கம்பு நட்டு ஃப்ரேம் கட்டும் தங்கப்பன் மாமன் போன் செய்தார். "சனிக்கிழம காரோடு ஊருல கல்யாணப் பந்தலு உண்டு மக்களே. ஞாயிறு வாறேன்."
"ஞாயிறு முடியாது மாமா, சர்ச் உண்டு."
"எனக்கு சர்ச் இல்லியே."
பக்கத்திலிருந்த பிரசீதா, என் கூடப் படிக்கிறவள், சிரித்துவிட்டாள். "எட்டி, உன் ஷீட்டுல ஞாயிறே கெடையாது. பாத்தியா?"
பார்த்தேன். சனிக்கு அடுத்தது திங்கள். வேண்டுமென்று விடவில்லை. ஞாயிறு எங்கள் வீட்டில் துணி கூடத் தேய்க்க மாட்டோம் — அப்படியொரு நாளில் வேலை நடக்கும் என்றே தோன்றவில்லை. கட்டைவிரல் போட்டவர்களில் பாதிப்பேர் எங்கள் சர்ச். அவர்களுக்கும் தோன்றவில்லை.
"நீயும் போட்டியே?"
"நான் கலரு பாத்துப் போட்டேன்."
கல்யாண சீசன். வேறு ஆள் கிடைக்காது.

பிப்ரவரி 7, சனி
அம்மா: "கம்பு நாட்டதுக்கு ஆராதனைய விட்டா, பின்ன இந்த வீட்டுல போன் கெடையாது கேட்டியா." அனூப் அண்ணனின் அப்பா சர்ச் கமிட்டி, அண்ணன் போனையே எடுக்கவில்லை. கயிறு பிடிக்கப் பையன்மார் உண்டு. நின்று நடத்த ஆள் வேண்டும். ஞாயிறு சர்ச் இல்லாதவள் பிரசீதாதான். கொடுத்தா அவ கட்டினதா ஆயிரும். கொடுக்காட்டி எடம் போவும். என்ன பிள்ள நான்? இதுல போயி பொறாம —
சாயங்காலம் ஷீட்டை அனுப்பினேன். "மாத்தலாமா?" என்று கேட்டாள். அதுவே குத்தியது. மாத்து என்றேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு
ஆராதனை முடியும்வரை போன் அம்மாவின் பையில். பிரசங்கம் ஒன்றும் ஏறவில்லை. கம்பு வந்ததா? மாமன் வந்தாரா? வெளியே வந்து பிரசீதா அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். ஃப்ரேம் நிற்கிறது. நான் குறித்த இடத்தில் இல்லை. உடனே கூப்பிட்டேன்.
"ஏன்டீ மாத்தினே?"
"மேல கரண்டு கம்பி. நீ சொன்ன எடத்துல நட்டா ஹீரோவுக்கு ஷாக்காக்கும்."
நான் நேரில் போய்ப் பார்க்கவே இல்லை. நெட்டில் கிடைத்த போட்டோவை வைத்துக் குறித்தேன்.

பிப்ரவரி 9, திங்கள்
மானேஜர் இடம் கொடுத்துவிட்டார்.

பிப்ரவரி 13, வெள்ளி
முதல் ஷோ. செண்டை, மாலை, நாற்பதடி ஹீரோ. அனூப் அண்ணன் விளித்தார்: "கட்டவுட்டு நிக்க வச்ச ஆளு முன்ன வா, போட்டோ எடுக்கணும்." நான் ஒரு எட்டு வைத்துவிட்டேன். அவர் பார்த்தது பிரசீதாவை. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.
"போ மக்கா," என்று போட்டோ எடுக்க அவள் போனை வாங்கிக்கொண்டேன்.
படத்தில் அவள் கண் மூடியிருந்தது. அதையே குரூப்பில் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். பிறகு அவளை அங்கேயே நிற்கச் சொல்லி இன்னொன்று எடுத்தேன்.