பூட்டிய ஹாலில் மின்விசிறி

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதினால் பொய் சொன்ன பாவம் சேரும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தபால் ஸ்டிரைக் எப்போது முடியும்?

என் பிள்ளையிடமிருந்து கடிதம் வரவில்லை. வீடு இடிக்கப்பட்ட ஜனங்களோடு மைதானத்தில் உட்காரப் போகிறேன் என்று உங்கள் ஊருக்குக் கிளம்பி வந்த நாளிலிருந்து வாலு வாரம் தவறாமல் எழுதிக்கொண்டிருந்தான். அவர்கள் ஊர்வலம் போனபோது பாலத்தில் போலீஸ் சுட்டது என்று கேள்விப்பட்டு நான் ஓடி வந்தேன். நாம் இருவரும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினோம். எந்தப் பட்டியலிலும் அவன் பெயர் இல்லை. போலீஸும் கையை விரித்துவிட்டது. அப்படியென்றால் எங்கோ ஒளிந்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்? ஒளிந்திருப்பவன் அம்மாவுக்கு ஒரு வரி எழுதாமல் இருப்பானா? சட்டையில் பட்டன் அறுந்தால்கூட என்னைத் திட்டி நாலு பக்கம் எழுதுகிறவன். சுட்ட அன்று சாயங்காலமே எழுதிப் போட்டிருப்பான். மறுநாள் காலையில் நீங்கள் கடிதம் பிரிக்கிற சார்ட்டிங் ஹாலைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டீர்கள்.

அந்தக் கடிதம் உங்கள் ஹாலுக்குள்தான் கிடக்கிறது. அவன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், எத்தனை கவருக்கு நடுவில் இருந்தாலும் உனக்குத் தெரியும். உள்ளே போய் எடுத்துக்கொண்டு வா.

எங்கள் பஸ் கம்பெனியின் மீசை டிரைவர்தான் இப்போதைக்கு என் போஸ்ட்மேன். பதிலை அவர் கையில் கொடு. வெறும் வயிற்றில் கோஷம் போடாதே, உனக்கு ஆகாது.

உன் அக்கா

மார்ச் 7

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு மீசை டிரைவர் என் பக்கத்திலேயே நிற்கிறார். "பதில் வாங்காம வண்டியை எடுக்கக்கூடாதுன்னு கவுன்ட்டர் அம்மா உத்தரவு" என்கிறார்.

சம்பளத்துக்காக ஸ்டிரைக் என்று நீ நினைத்திருப்பாய். இல்லை. பாலத்தில் சுட்ட மறுநாள் காலை எங்கள் மேலதிகாரி ஒரு உத்தரவோடு வந்தார். மைதானத்துக்குப் போகிற கடிதம், அந்தப் பக்கத்துப் பெட்டிகளில் விழுகிற கடிதம் எல்லாவற்றையும் தனியாகப் பொறுக்கிப் போலீஸிடம் கொடுக்க வேண்டுமாம். எங்கள் சங்கச் செயலாளர் அம்மா முத்திரை குத்திக்கொண்டிருந்தார். குத்துவதை நிறுத்திவிட்டு, "இது தபால் வேலை இல்ல சார், காட்டிக்கொடுக்கற வேலை" என்றார். அவர் எழுந்தார், எல்லாரும் எழுந்தோம். வந்த வேகத்தில் மின்விசிறியைக்கூட யாரும் நிறுத்தவில்லை.

அதுதான் இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. கதவு பூட்டியிருக்கிறது, உள்ளே மின்விசிறிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஜன்னல் கண்ணாடி வழியே பார்த்தால், மேஜைமேல் கிடந்த கடிதங்கள் தரையில் இறங்கி நகர்ந்துகொண்டிருக்கின்றன. கொஞ்ச தூரம் போகின்றன, நிற்கின்றன, திரும்புகின்றன. ஆளே இல்லாத ஹால், அக்கா.

உன்னைப் போலப் பிள்ளைகளைத் தேடுகிறவர்கள் தினமும் வந்து அந்தக் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்க்கிறார்கள். கடிகாரம் ரிப்பேர் செய்கிற ஒருவர், "அந்த நீலக் கவர் என் பொண்ணோடது" என்கிறார். நேற்று அது ஜன்னலுக்குக் கிட்டே வந்து, அப்படியே திரும்பிப் போயிற்று. அவர் கண்ணாடியைத் தட்டித் தட்டி அதைக் கூப்பிட்டார்.

உள்ளே போக என்னால் முடியாது. போனால் நான் கருங்காலி. கோபித்துக்கொள்ளாதே.

உன் தம்பி

மார்ச் 11

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

கருங்காலி என்று நாலு பேர் சொல்வார்கள், அவ்வளவுதானே? சொல்லட்டும். உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் கேட்கிறேன். தபால்காரர்களுக்கு ஸ்டிரைக் செய்ய உரிமையே கிடையாது, உடனே திரும்புகிறவர்களுக்கு மன்னிப்பு உண்டு என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். உரிமை உண்டோ இல்லையோ, அது உங்கள் சண்டை. எனக்காக ஒரே ஒரு நாள் உள்ளே போ. கடிதத்தை எடு. மறுநாள் மறுபடி கொடி பிடி, நானே வந்து உன்னோடு பிடிக்கிறேன்.

நேற்று கவுன்ட்டரில் தலையைக் குனிந்து டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். "அம்மா, எனக்கு ஜன்னல் சீட்டு" என்று அவன் குரல் கேட்டது. நிமிர்ந்தால் யாரோ ஒரு பெரியவர். அவர் வாயையே திறக்கவில்லையாம். பஸ் வந்து நின்றால் இறங்குகிறவர்களில் கடைசி ஆள் வரை பார்க்கிறேன். பஸ் காலியான பிறகும் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பைத்தியம் பிடிப்பதற்குள் போய் எடுத்துவிடு.

அக்கா

மார்ச் 15

அன்பு அக்காவுக்கு,

நீ கேட்டாய், போனேன். பக்கத்துக் கதவு வரை போனேன்.

மேலதிகாரி சாவியோடு நின்றிருந்தார். "வாங்க வாங்க, இப்பவாவது புத்தி வந்துச்சே" என்றார். கையில் ஒரு காலிப் பையைக் கொடுத்தார். "முதல் வேலை மைதானத்துத் தபால். எல்லாத்தையும் இதுல போடுங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாலு எழுதியிருந்தால் அதுவும் மைதானத்துத் தபால்தான். அவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்பதைத் தாய்மாமனே தேடி எடுத்து அந்தப் பையில் போட்டுக் கொடுத்ததாக ஆகியிருக்கும். பையை அவர் கையிலேயே திணித்துவிட்டுத் திரும்பினேன். கேட்டில் மறியலுக்கு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திட்டுவார்கள் என்று நினைத்தேன். செயலாளர் அம்மா பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு, "உக்காரு, டீ வருது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்னொரு விஷயம். ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள், கையில் கட்டு. பாலத்தில் வாலுவோடு சேர்ந்து எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தவளாம். சுட ஆரம்பித்ததும் இருவரும் ஓடியிருக்கிறார்கள். பின்னால் யாரோ விழுந்துகிடந்தார்கள் என்று இவன் திரும்பிப் போனானாம். "போகாதேடான்னு கத்தினேன். இதோ வந்துட்டேன்னு சொன்னான்" என்றாள். அதற்குப் பிறகு அவள் அவனைப் பார்க்கவில்லை. பாலத்துக்குக் கீழே தண்ணீர் ரொம்ப ஆழம் என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாள்.

இதை உனக்கு எழுத எனக்கு மனசே இல்லை. எழுதாவிட்டால் கடிதத்தைப் பிடித்து வைக்கச் சொல்கிறவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

உன் தம்பி

மார்ச் 21

அன்புள்ள தம்பிக்கு,

போன கடிதத்துக்குச் சேர வேண்டிய அன்பையும் இதிலேயே சேர்த்துக்கொள்.

அந்தப் பெண் சொன்னதைப் படித்தேன். அவன் அப்படித்தான். எங்கே கிளம்பினாலும் 'இதோ வந்துட்டேன்' என்றுதான் போவான். அவளுக்கு இருக்க இடம் இல்லையென்றால் இங்கே அனுப்பு.

உன் அதிகாரிகள் எங்கள் முதலாளியிடம் ஆள் அனுப்பினார்கள், தபால் பைகளை எங்கள் பஸ்ஸில் ஏற்ற வேண்டுமாம். கவுன்ட்டரில் நான் இருந்தேன். "ஏத்த மாட்டோம்" என்றேன். முதலாளி குதித்தார். மீசை டிரைவர் பஸ் சாவியை என் மேஜைமேல் போட்டார், மற்ற டிரைவர்களும் போட்டார்கள். வந்தவர்கள் பையோடு திரும்பிப் போனார்கள். என் வேலை நிலைக்குமா என்று தெரியவில்லை. எல்லாரும் என்னைப் பெரிய வீராங்கனை என்கிறார்கள்.

உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். பாதிதான் நியாயத்துக்காகச் செய்தேன். மீதிப் பாதி பயம். யாராவது "பையன்கிட்டேருந்து தகவல் உண்டா" என்று கேட்டால், "தபால் ஸ்டிரைக்காச்சே" என்கிறேன். அவர்களும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். ஸ்டிரைக் முடிந்தால் என்ன சொல்வேன்? தபால்காரர் தெருவுக்குள் வருவார். நம் வாசலில் நிற்பார், இல்லை, நிற்காமல் போவார்.

நீங்கள் ஜெயிக்க வேண்டும், தம்பி. நானும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் கொஞ்சம் மெதுவாக ஜெயியுங்கள்.

உன் அக்கா

மார்ச் 29

என் அன்பு அக்காவுக்கு,

ஜெயித்துவிட்டோம். எவர் கடிதத்தையும் பொறுக்கிக் கொடுக்க வேண்டியதில்லை என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்து கட்டிக்கொண்டார்கள். நான் சுவரோரமாக நின்றேன்.

கதவைத் திறந்ததும் நான்தான் போய் மின்விசிறிகளை நிறுத்தினேன். கடிதங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்து நின்றன. அந்த அமைதியில் எங்களில் யாருக்கும் காலெடுத்து வைக்கத் தைரியம் இல்லை. மைதானத்துத் தபாலைத்தான் முதலில் பிரித்தோம். வெளியே நின்றவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தோம். சிலருக்கு வந்திருந்தது. எல்லாம் சுடுவதற்கு முன்னால் எழுதியவை. கடிகாரக்காரர் கேட்ட நீலக் கவர் யாருக்கோ போக வேண்டிய கடை விளம்பரம். ஒரு தடவை கையில் வாங்கி விலாசத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

தரையில் கிடந்தது, பைகளில் இருந்தது, தெருப் பெட்டிகளில் நிரம்பியிருந்தது, எல்லாவற்றையும் என் கையால் பார்த்தேன் அக்கா. என் கண்மேல் நம்பிக்கை இல்லாமல் செயலாளர் அம்மாவையும் பார்க்கச் சொன்னேன். அவரும் பார்த்தார். உனக்கு ஒன்றும் இல்லை. நம் வாலு எழுதவில்லை. அவனால் எழுத முடிந்திருக்காது.

இந்தக் கடிதத்துக்கு ஸ்டாம்ப் ஒட்டிவிட்டேன். பெட்டி வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். தபால்காரர் உன் வாசலில் மணி அடித்தால், கதவைத் திறப்பதற்குள் நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால் மீசை டிரைவரிடமே கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன்.

உன் தம்பி

ஏப்ரல் 13

அன்புள்ள தம்பிக்கு,

நீ வந்திருந்தபோது நான் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நீயும் என்னைப் பேச வைக்கப் பார்க்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாய். இப்போது எழுதுகிறேன். நீ அந்தப் பையைத் திருப்பிக் கொடுத்தது சரி. என் பிள்ளையும் அதைத்தான் செய்திருப்பான். உன்னைப் போய் நான் கருங்காலி ஆகும்படி சொன்னேனே.

நம் தெருத் தபால்காரர் தினமும் வருகிறார். நம் வீடு வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை வேகமாக மிதிக்கிறார், என்னமோ அவர் தப்புச் செய்துவிட்ட மாதிரி. எனக்கு அது தாங்கவில்லை. அவர் வருகிற நேரத்தில் வாசலுக்கு வராமல் இருக்கவும் முடியவில்லை.

இனிமேல் எனக்கு டிரைவரிடம் கொடுத்து அனுப்பாதே. ஸ்டாம்ப் ஒட்டித் தபாலில் போடு. எழுத ஒன்றும் இல்லையென்றால் வெறும் கவரையாவது ஒட்டிப் போடு. அந்த மனுஷன் நம் வாசலில் ஒரு தடவை நிற்கட்டும்.

உன் அக்கா