மூன்றாம் தொட்டி

பாப்பா அம்மாவுக்கு,

ஃபோனைத் தொடவே பிடிக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். உங்கள் வீட்டுக் கடல் கூண்டுகளில் வளர்க்கும் மீன் நன்றாகப் பெருத்திருப்பதாக உன் அண்ணன் சொன்னார். சந்தோஷம்.

இங்கே கரைப் பண்ணையில் மூன்றாம் தொட்டி காலி. செவ்வாய்க்கிழமை மதியம் ஆக்ஸிஜன் நின்றுபோய் நாலாயிரம் மீனும் செத்துவிட்டன. கடலில் கூண்டு போட்டு வளர்த்தவரை மீனுக்கு மூச்சு முட்டும் என்று நாம் யோசித்ததே இல்லை. இங்கே பத்து நிமிடம் போதும். இரண்டு நாள் கூடை கூடையாக அள்ளினோம். கையில் நாற்றம் இன்னும் போகவில்லை, பரவாயில்லை.

"இனிமே மீன் வளர்ப்புன்னா கரையிலதான்" என்று மார்தட்டுவாரே மேனேஜர், அவர் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"அலாரம் அடிச்சிருக்கு. யாரோ கையால அணைச்சிருக்காங்க. நீதானய்யா அங்க இருந்த?"

"தூக்கக் கலக்கத்துல அணைச்சிட்டேன் சார்" என்று சொல்லி, அப்படியே எழுதியும் கொடுத்தேன். ஒன்றாம் தேதியிலிருந்து எனக்கு இங்கே வேலை இல்லை.

செவ்வாய்க்கிழமை ஃபோனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமலே வைத்துவிட்டேன். உன் இஷ்டப்படியே நீயும் பாப்பாவும் அங்கேயே இருங்கள். நான் வந்து தொந்தரவு செய்யமாட்டேன்.

நீ பேச ஆரம்பித்ததும், "அங்க என்னங்க மணி அடிக்குது, நான் சொல்றது கேக்குதா?" என்றாய். பேசி முடித்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று அலாரத்தை அணைத்தேன். அதன் பிறகு நீ சொன்னதெல்லாம் ஒரு சொல் விடாமல் கேட்டது.

பாப்பாவிடம் மீனெல்லாம் சௌக்கியம் என்று சொல்.

இப்படிக்கு,
பாப்பா அப்பா