கி-யில் தொடங்குபவை

நாள் 412. இரவு 10.40

இதை எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும், தயவுசெய்து வேறு யாருக்கும் காட்டாதீர்கள். பூரணி டீச்சருக்கு வேண்டாம். என் அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். திரை மாட்டிய அறையில் வாய்விட்டுப் படிக்காதீர்கள், ஆக்கிக்குக் கேட்டுவிடும். அதற்காகத்தான் காகிதத்தில், பென்சிலால், போர்வைக்குள் டார்ச் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் பெயர் கீர்த்தி. எட்டாம் வகுப்பு. செவ்வாயில், மண்ணுக்கு அடியில் இருக்கிறது எங்கள் நிலையம். மொத்தம் இருபத்திமூன்று பேர். எது உடைந்தாலும் புதிதாக வார்த்துக் கொடுப்பதும், வேண்டாததை உருக்கிக்கொள்வதும் ஆக்கி என்ற இயந்திரத்தின் வேலை. சரக்குக் கப்பல் ஏழு மாதம் தாமதம். இருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். ஆக்கிக்குச் சொன்னதைச் செய்யத் தெரியும், புதிதாக நினைக்கத் தெரியாது. அதனால் பிள்ளைகள் ஏழு பேருக்கும் தினம் ஒரு மணி நேரம் யோசனை வகுப்பு.

டீச்சர் சில வழிகள் சொல்லித் தருவார். முதலில் மோசமான யோசனைகள் பத்தை எழுதித் தள்ளிவிட வேண்டும், நல்லது பதினொன்றாவதாக வரும். சம்பந்தமே இல்லாத இரண்டு பொருள்களை ஒட்டவைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் யாரோடும் பேசாமல் தாழ்வாரத்தில் இரண்டு சுற்று நடக்க வேண்டும்.

எனக்கு ஆறு நாட்களாக எதுவும் வரவில்லை. இன்று வந்தது. பேச்சில் நாம் 'காப்பி கீப்பி' என்கிறோம், 'பாம்பு கீம்பு' என்கிறோம். அந்தக் கீப்பி எப்படி இருக்கும்? எந்தப் பொருளை எடுத்தாலும் முதல் எழுத்தைக் கி அல்லது கீ ஆக்கு. அப்படி ஒன்று நிஜமாகவே இருந்தால் எதற்கு உதவும் என்று யோசி. அவ்வளவுதான்.

டீச்சர் சிரித்துவிட்டார். "இது ஒரு யோசனையாடி? வாய் விளையாட்டு. போய் உக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

என் அம்மா தமயந்திதான் ஆக்கி இருக்கும் வார்ப்பறைக்குப் பொறுப்பு. இன்று காலை வண்டியில் பனிக்கட்டி தோண்டப் போய்விட்டார், வர ஆறு நாள் ஆகும். அவருடைய கீ கார்டு அலமாரியில் இருக்கிறது. அது இருந்தால் டீச்சருடைய அனுமதி இல்லாமலே ஆக்கிக்கு உத்தரவு கொடுக்கலாம்.

கொடுத்துவிட்டேன். கி, கீ போட்ட பொருள்களையெல்லாம் செய்து பார் என்று.

நாள் 413. இரவு 10.15

ஆக்கி கிதவு செய்திருக்கிறது! கதவு மாதிரிதான், ஆனால் பாய்போல் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளலாம். எங்கே ஒட்டினாலும் தூசி வராமல் அடைத்துவிடுகிறது. அப்புறம் கிரண்டி. அள்ளும்போதே எடை சொல்கிற கரண்டி.

சமையல் பார்க்கும் கிட்டு மாமா மைக்கில் கத்தினார். "யாருப்பா இதக் கண்டுபிடிச்சது? வந்து கையக் குடுங்க, நாலு பூரி எக்ஸ்ட்ரா!"

நான் கை தூக்கவில்லை. கார்டை எடுத்தது தெரிந்துவிடும். பூரியும் போயிற்று.

நாள் 415. இரவு 10.50

யாரும் கேட்காமலே செய்கிறது. எங்கள் பேச்சை ஒட்டுக்கேட்டுச் செய்கிறது. டீச்சர், "பேனா கீனா இருந்தா குடு" என்றார். மாலைக்குள் நாற்பது கீனா வந்து இறங்கின. மை கிடையாது, முனைகள் மட்டும் அசைந்துகொண்டே இருக்கின்றன. யாரோ "பூட்டு கீட்டு" என்றார்கள். அந்தக் கீட்டை யாராலும் திறக்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை.

இதற்கெல்லாம் உலோகம் வேண்டுமே. காற்றுப் பம்புக்கு இருந்த ஒரே உதிரி வால்வை ஆக்கி உருக்கிவிட்டது. பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கிறார்கள். யார் உத்தரவு கொடுத்தது என்று அம்மா வந்ததும் கார்டுப் பதிவைப் பார்க்கப் போகிறார்களாம்.

நிறுத்தச் சொல்லவும் அம்மாவின் கார்டுதான் வேண்டும், அது அவரோடு போயிருப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். இன்னொரு முறை தொட எனக்குத் தைரியம் இல்லை.

நாள் 416. இரவு 11.05

எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

மதியம் சமையலறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன். கிட்டு மாமா பார்த்துவிட்டார். "என்னடி கண்ணு, அம்மா கிம்மா ஞாபகம் வந்துருச்சா?" என்று கேட்டுத் தலையில் லேசாகக் குட்டினார்.

அவருக்குப் பின்னால் சுவரில் ஆக்கியின் திரை இருந்தது.

மாலையில் வார்ப்பறைக்கு ஓடினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தட்டில், ஒரு கை. முழங்கை வரை ஆகியிருந்தது. கட்டைவிரலில் தீக்காயத் தழும்பு. அம்மாவுக்கு அதே இடத்தில்தான் இருக்கிறது. திரையில்: "கிம்மா. 9 சதவீதம்."

வீட்டுக்கு ஓடிக் கார்டை எடுத்து வந்தேன். யோசிக்கவில்லை. பத்து மோசமான யோசனை வேண்டாம், ஒன்றுகூட எழுதிப் பார்க்கவில்லை. "கி, கீ ரெண்டுலயும் தொடங்குற எல்லாத்தையும் உருக்கிடு" என்றேன்.

"உறுதியா?"

"உறுதி."

கார்டைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன். முடிந்தது. இனி தூங்கலாம்.

நாள் 417. இரவு 9.30

முடியவில்லை.

காலையில் கிட்டு மாமாவின் குரல் மைக்கில். "கிண்ணத்தையெல்லாம் எவன்டா தூக்கிட்டுப் போனது? கஞ்சிய உள்ளங்கையில ஊத்தவா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

பிறகு தோட்டத்தில் கீரைப் பாத்தி வெறும் மண்ணாகக் கிடந்தது. பக்கத்துப் பாத்தியில் கிழங்கு இல்லை. தராசில் எண் மட்டும் வருகிறது, பக்கத்தில் கிலோ இல்லை.

கிண்ணம். கீரை. கிழங்கு. கிலோ.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் கி சேர்த்த சொற்களை மட்டும் என்று சொல்லவில்லை. கி-யில் தொடங்கும் எல்லாம் என்று சொன்னேன்.

நிறுத்தச் சொல்ல வீட்டுக்கு ஓடினேன். அலமாரிக் கதவுகள் தரையில் கிடந்தன. கீல்களைக் காணோம். உள்ளே கார்டு இல்லை. எந்த வீட்டிலும் எந்தக் கார்டும் இல்லை. அதை நாங்கள் சாவி அட்டை என்று சொல்லியிருக்கலாம். கீ கார்டு என்றுதான் எல்லோரும் சொல்வோம்.

வார்ப்பறையில் கிம்மா மட்டும் அப்படியே இருந்தது. இல்லை, வளர்ந்திருந்தது. 54 சதவீதம். தோள் இருந்தது, கழுத்து இருந்தது. ஏன் உருக்கவில்லை என்று கேட்டேன். "செய்து முடிக்காத பொருளை உருக்க இயலாது. முடித்ததும் உருக்கப்படும்."

டீச்சரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் அறை வாசல் வரை போனேன். உள்ளே பெரியவர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "எவன் பண்ணான்னு தெரிஞ்சா தோல உரிச்சிடுவேன்" என்று யாரோ சொன்னார். திரும்பி வந்துவிட்டேன்.

நாளை சொல்கிறேன்.

நாள் 418. மாலை 5.10

கிட்டு மாமாவைக் காணவில்லை.

காலையில் அடுப்பு பற்றவைக்கவில்லை. அவர் படுக்கை மடிக்காமல் கிடந்தது. பொருள்களைப் பொறுக்கிக்கொண்டு போகும் ஆக்கியின் வண்டி ராத்திரி அந்தப் பக்கம் போன சக்கரத் தடம் இருந்தது. வார்ப்பறைத் திரையில்: "கையிருப்பு 61 கூடியது."

61 என்ன என்று போடவில்லை. அந்தச் சொல்தான் இல்லையே.

நான் வாந்தி எடுத்தேன்.

எல்லோரும் அவரைத் தேடிக் கிழக்குத் தாழ்வாரத்துக்குப் போனார்கள். போகாதீர்கள் என்று கத்த நினைத்தேன். கிழக்கு. கி. அவர்கள் உள்ளே நுழைந்ததும் பூட்டிக்கொண்டது. ஆக்கிக்குத் தாழ்வாரத்தை உருக்க முடியாது போலிருக்கிறது, அதனால் மூடி வைத்திருக்கிறது. பூரணி டீச்சர் மைக்கில் பேசினார். "எங்களுக்குக் காத்து இருக்கு, பயப்படாத. சின்னப் பிள்ளைங்க எல்லாம் என்கூடத்தான் இருக்கு. நீ உன் ரூமுக்குப் போய்ப் பூட்டிக்கோ, கீர்த்தி."

அவர் என் பெயரைச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

நாள் 418. இரவு 8.20

ரேடியோவில் அம்மா கிடைத்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அடியே, அழாம சொல்லு. ஆக்கிகிட்ட என்ன சொன்ன? வார்த்தைக்கு வார்த்தை சொல்லு."

சொன்னேன்.

"சரி. திட்டு எல்லாம் அப்புறம். நான் நேர்ல வந்து கைரேகை வெச்சாத்தான் அத நிறுத்த முடியும். ரெண்டு மணி நேரம் ஆகும்டி தங்கம். அதுவரைக்கும் அது உன்ன எடுத்துட்டுப் போகாம இருக்க ஏதாவது யோசி. உனக்கு வரும். ரேடியோவ அணைக்காத."

நாள் 418. இரவு 8.45

வண்டி என் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று வருகிறது. இன்னும் ஐந்து அறைகள்.

பத்து மோசமான யோசனை. கட்டிலுக்கு அடியில் ஒளிவது. கதவுக்குக் கட்டிலை முட்டுக்கொடுப்பது. நான் ஏற்கெனவே உருகிவிட்டேன் என்று சொல்வது. வேறு பிள்ளையின் பெயரைச் சொல்வது, குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடும், அந்தப் பிள்ளைக்கும் ஏதாவது ஆகிவிடும். ஆக்கியிடம் கெஞ்சுவது. பெயரைத் திருப்பிப் போடுவது, தித்ர்கீ, பெயரே இல்லை அது. ஆறு ஆயிற்றா? வண்டியைக் கவிழ்ப்பது. கத்துவது. அம்மாவை வேகமாக வரச் சொல்வது. செத்ததுபோல் கிடப்பது.

மூன்று அறைகள்.

பதினொன்று. பதினொன்று. பரீட்சைத் தாளில் நான் எப்படி எழுதுவேன்? வெறும் கீர்த்தி என்று எழுதினால் டீச்சர் சிவப்பு மையில் சுழிப்பார். ச. கீர்த்தி. அப்பா பெயர் சடையப்பன். என் பெயர் ச-வில் தொடங்குகிறது! இங்கே பதிவேட்டில் யாருக்கும் இனிஷியல் போடவில்லை. தன் பெயரில் பிழை இருந்தால் யார் வேண்டுமானாலும் திருத்தச் சொல்லலாம், அதற்குக் கார்டு தேவையில்லை.

இரவு 8.58

சொன்னேன். இரண்டு முறை சொன்னேன்.

"பதிவு திருத்தப்பட்டது. ச. கீர்த்தி. ச-வில் தொடங்குகிறது. பட்டியலிலிருந்து நீக்கம்."

வண்டி என் வாசலில் நின்றது. பிறகு திரும்பிப் போனது. சக்கரச் சத்தம் தேய்ந்து போகும்வரை தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தேன். ரேடியோவில் அம்மா சிரித்துக்கொண்டே அழுதார். "எம் பொண்ணுடி நீ" என்றார்.

கிட்டு மாமாவுக்கும் ஒரு இனிஷியல் இருந்திருக்கும். நேற்றே நான் வாயைத் திறந்திருந்தால்.

இரவு 9.20

ஆக்கி மறுபடி பேசியது. நான் எதுவும் கேட்கவில்லை.

"நல்ல யோசனை. இனிஷியல் உள்ளதை உருக்க வேண்டியதில்லை. செய்து முடித்த இன்னொரு பொருளுக்கும் இட்டேன். ச. கிம்மா. நூறு சதவீதம். உன் அறைக்கு அனுப்பியிருக்கிறேன்."

என் கதவு உள்பக்கம் பூட்டியிருக்கிறது. அம்மா வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. ஒரு மணி நேரம்.

காலடிச் சத்தம். வண்டி இல்லை, கால். வெறுங்கால்.

தட்டுகிறது.

"அடியே, நான்தான்டி. அம்மா வந்துட்டேன். தெற."

அதே குரல். நான் பேசவில்லை. ஆனால் ரேடியோ அணைக்காமல் இருக்கிறது, அதிலிருந்து அம்மா, "கீர்த்தி? யாரு அங்க பேசுறது? யாருடி கதவத் தட்டுறது?" என்கிறார். வெளியே இருப்பதற்கும் அது கேட்டுவிட்டது.