அப்பாவின் இடுப்பும் தம்பி சொல்லாமல் விட்டதும்

என் மேல் ஒருநாளும் கோபப்படாத அப்பாவுக்கு,

உங்கள் முப்பத்தொன்றாம் நாள் பூசை முடிந்துவிட்டது. அழுதுகொண்டு எழுதுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். கோபத்தோடு எழுதுகிறேன்.

அன்று எல்லோரும் போனபிறகு, உங்கள் வீட்டில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த குசினிக்குள் தம்பி வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அக்கா, நொண்டல் வரலாமெண்டு டொக்டர் சொன்னவர். நான்தான் அப்பாவுக்குச் சொல்லேல்லை.”

முதல் வைத்த செயற்கை இடுப்பு மூட்டு தளர்ந்து, அதை மாற்றவேண்டி வந்தபோது, டென்மார்க்கின் மறுகோடி ஹ்விடோவ்ரேயிலிருந்து லீவு போட்டு வருகிறேன் என்று சொன்னேன். “தம்பி இஞ்சை ஸ்கீவயிலைதானே இருக்கிறான், அவன் மொழிபெயர்ப்பான்” என்றீர்கள். உங்களுக்கு டேனிஷில் நாலைந்து சொல்தான் தெரியும்.

டொக்டர் இரண்டு வழி சொன்னாராம். பின்பக்கமாக வெட்டினால் நடைக்கு உதவும் தசை தப்பும். ஆனால் புது மூட்டு கழன்றுவிடும் ஆபத்து கூடுதல். பக்கவாட்டில் வெட்டினால் அந்த ஆபத்து குறைவு. ஆனால் தசை பலவீனமாகி, நொண்டல் நிரந்தரமாகிவிடலாம். தம்பி உங்களுக்குச் சொன்னது, பக்கவாட்டில் வெட்டினால் மூட்டு கழலாது என்பதை மட்டும்.

“முழுக்கச் சொல்லியிருந்தால் ஒப்பரேசனே வேண்டாமெண்டிருப்பார். அவர் நோவிலை துடிச்சதை நீங்கள் பாக்கேல்லை அக்கா.”

நோவு போனது உண்மை. மூட்டும் கழலவில்லை. ஆனால் ஒவ்வோர் அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் சரிந்தது. பக்கத்து வீட்டு நீல்ஸ் உங்களுக்காக மெதுவாக நடப்பதைப் பொறுக்காமல், கடலோர நடையையே விட்டுவிட்டீர்கள். சரியாகச் சொல்லியிருந்தாலும் நீங்கள் அதே வழியைத்தான் தெரிவுசெய்திருப்பீர்களோ? அதை உங்களிடம் யாரும் கேட்கவேயில்லையே.

நொண்டல் வரலாமென்று எச்சரிக்கவில்லை என்று, நான்தான் டொக்டர்மேல் முறைப்பாடு எழுதினேன். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். “ஓம் பிள்ளை, சரி” என்று கையெழுத்து வைத்தீர்கள். எல்லாம் விளக்கினேன் என்று டொக்டர் பதில் எழுதியபோது, அவரைப் பொய்யன் என்று ஊரெல்லாம் சொன்னேன்.

“அப்பாவுக்கு இது கடைசிவரை தெரியாதுதானே?” என்று தம்பியிடம் கேட்டேன்.

“நீங்கள் முறைப்பாடு எழுத முதலே சொல்லிப்போட்டன். அக்காவுக்குத் தெரிஞ்சால் உன்னோடை கதைக்க மாட்டாள், சொல்லாதை எண்டு அப்பாதான் சொன்னவர்.”

தெரிந்துகொண்டா கையெழுத்து வைத்தீர்கள்? மகனைக் காப்பாற்ற, குற்றமில்லாத ஒரு மனிதன்மேல் என் கையாலேயே பழி எழுத விட்டீர்களா? என்னை அவ்வளவு கல்நெஞ்சுக்காரி என்றா நினைத்தீர்கள்? கொஞ்சநாள் கத்தியிருப்பேன். பிறகு அவனுக்குச் சோறு போட்டிருப்பேன்.

போன கிழமை டொக்டருக்கு உண்மையை எழுதி மன்னிப்புக் கேட்டேன். அவரே தொலைபேசி எடுத்தார்.

“உங்கள் அப்பா கடைசியாகப் பரிசோதனைக்கு வந்தபோது, என் கையைப் பிடித்து ‘உன்ஸ்கூல்’ என்று திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். எதற்கென்று அன்று எனக்கு விளங்கவில்லை” என்றார்.

அந்தச் சொல்லை அவரிடம் சொன்னீர்கள். தமிழில் என்னிடம் சொல்ல ஏன் அப்பா வாய் வரவில்லை?

அன்றைக்குப் பிறகு தம்பியோடு நான் கதைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி அவனிடம் போகிறேன். அவனைக் கைவிட மாட்டேன், இது சத்தியம். ஆனால் நடந்ததைக் கேட்கிறவர்களிடம், உங்கள் பெயரையும் சேர்த்துத்தான் சொல்லுவேன்.

கோபம் ஆறாத உங்கள் மூத்த பிள்ளை,
மெற்றில்டா